ஒரு வாளி குறைவு

ஜனவரியிலும் குளம் கேட்பவர்கள் உண்டு.
நான்காம் அறைச் சாவியை அம்மா வாங்கும்போது
மேசைக்கு மேல் நெற்றி மட்டும் தெரிய ஒரு பையன்
‘நீச்சல்குளம் திறந்திருக்கா?’ என்றான்.
அவள் என்னைப் பார்த்து
மன்னிப்புப்போலச் சிரித்தாள்.
டூகம்கேரிக்கு இரண்டு பக்கமும்
நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
அன்றிரவு யாரும் விரும்பி வந்து தங்கவில்லை.

திறந்துதான் இருக்கிறது தம்பி,
மூடினால்தானே.
அக்டோபரிலேயே குழாய்களை ஊதிக் காயவைத்து
மேலே படுதா இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.
கூலி அதிகம் என்று
ஃபீனிக்ஸ் வெயிலில் உட்கார்ந்திருக்கும் முதலாளி
மோட்டாரை நம்பி விட்டுவிட்டார்.
மாலையில் அவர் அனுப்பியது ஒரே வரி:
‘ஓர்லிண்டா, பம்ப் நிற்கக் கூடாது.’

ஓடும்வரை பிழைத்துக்கொள்ளும் நீர்.
உறங்கினால் உறைந்துவிடும்.
பாலுக்காவது உறை ஊற்ற வேண்டும்,
இதற்கு
கொஞ்சம் சும்மா இருந்தாலே போதும்.

இரண்டு பத்துக்கு
பெயர்ப்பலகையின் சிவப்பு முதலில் போனது.
பிறகு தெரு.
பிறகு
ஒன்பது வருடமாக நான் கேட்காமலே
கேட்டுக்கொண்டிருந்த அந்த முனகல்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மெயினை இறக்கினேன்.
பம்பின் அடிவயிற்றில் இரண்டு திருகு,
கட்டைவிரல் பருமன்.
உள்ளே நிற்கும் நீரை வடிக்காவிட்டால்
விடிவதற்குள் அது பிளந்துவிடும்.
ஒன்று சுழன்றது.
மற்றது என் கையை மதிக்கவே இல்லை.

ஒன்பதாம் அறை வாசலில்
புகைத்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஹார்லன் ப்ரூயிட்
குறடோடு வந்தார்.
குறட்டின் பல்லுக்குத் தன் காலுறையைச் சுற்றினார்.
‘இந்தக் குளிரில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் ஒன்று’ என்றார்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், ஸ்பானியத்தில்,
எனக்குப் புரியாதென்று நினைத்து.
திருகு இளகியது.
பம்ப் எங்கள் செருப்பில் மூச்சுவிட்டது.

அதற்குள் குளத்தின் நான்கு மூலையிலும்
ஏடு படிந்திருந்தது.
மண்வெட்டியைத் தூக்கினார்.
வேண்டாம், பனியை அடித்தால்
அடி சுவருக்குப் போய்ச் சேரும்.
வெந்நீர்தான்.
சமையலறைக் கொதிகலன் கேஸில் எரிவது,
மின்சாரம் போன சேதி
அதற்கு இன்னும் எட்டவில்லை.

பாத்திரம்?
அறைக்கொன்று ஐஸ் வாளி இருக்கிறது.
ஏழு கதவு தட்டினேன்.
போர்வையோடு, கோட்டோடு,
ஒருவர் குளியல் அங்கியோடு,
ஐஸ் வாளிகளில் ஆவி பறக்க
வரிசையாக வந்தார்கள்.
இலை வாரும் வாயில் ஊற்றினோம்,
சருகு ஒட்டிய பனி
சத்தமில்லாமல் வழிவிட்டது.
அந்த ஓட்டையில்
பால் கேன்கள் இரண்டைச் செருகினேன்,
நிமிர்ந்து நிற்க ஆளுக்கொரு பிடி சரளைக்கல்,
மிச்சம் காற்று.
பனி பருக்கும்போது
யாரையாவது நசுக்கத்தான் செய்யும்.
அது இவையாக இருக்கட்டும்.

பையன் அரை வாளி கொண்டுவந்தான்.
ஊற்றும் சாக்கில் கையை உள்ளே விட்டான்,
மணிக்கட்டுவரை.
‘இறங்கிட்டேன்’ என்று கத்தினான்.
ஆழம் எட்டடி, காவலர் இல்லை என்ற பலகை
பக்கத்திலேயே நின்றது.

ஆறு நாற்பதுக்கு விளக்கு வந்தது.
கேன்கள் இரண்டும்
பிழிந்த எலுமிச்சையாகக் கிடந்தன.
ஓட்டின்மேல் விரலை ஓட்டினேன்,
கையுறை இல்லாமல், இரண்டு முறை.
விரிசல் ஏதும் தட்டுப்படவில்லை.

சாலையைத் திறந்ததும் எல்லோரும் போனார்கள்.
ஹார்லன் ப்ரூயிட் போகும்போது
ஒரு காலில்தான் உறை இருந்திருக்க வேண்டும்;
மற்றது பம்ப் அறையில்
விறைத்துக் கிடக்கிறது, குறட்டின் வடிவத்தில்.

பேரேட்டில் எழுதினேன்:
2.10 மின்சாரம் இல்லை.
குளம் பத்திரம்.
நான்காம் அறையில்
ஐஸ் வாளி ஒன்று குறைவு.
விசாரிக்க வேண்டாம்.