தலையெண்ணல்

காலை ஆறே முக்கால்.
சூரியன் எழுந்ததைப் போட்டோ பிடித்த கையோடு
கண்ணைக் கசக்கிக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள்.
பதினேழு.
கிளம்பும்போது எண்ணுவேன்,
நின்ற இடத்திலெல்லாம் எண்ணுவேன்.
வரலாறு தப்பினால் பொறுத்துக்கொள்வார்கள்,
தலை தப்பினால் பொறுக்க மாட்டார்கள் என்பான்
டிரைவர் மாகீன்.

வட்டக்கோட்டை.
பெயரில் மட்டும்தான் வட்டம்.
மதில் நேராகப் போய்
மூலையில் திரும்புகிறது.
"அப்புறம் ஏன் இந்தப் பேர்?"
ஈரோட்டு வாத்தியார் கேட்கிறார்.
ஒன்பது வருஷமாக யாராவது கேட்கிறார்கள்,
ஒன்பது பதில் வைத்திருக்கிறேன்.
இன்று காற்று பலம்,
ஆகவே சின்னப் பதில்.
கல்லில் செதுக்கிய மீனைக் காட்டி
பாண்டியர் முத்திரை என்பார்கள் என்கிறேன்.
என் அம்மாவாக இருந்தால்
சாளையா நெத்திலியா என்று கேட்டிருப்பாள்.

மணக்குடி எங்கள் அட்டவணையில் இல்லை.
காயல் கடலைத் தொடும் இடத்தில்
வண்டி நிற்காமல் போகும்.
பாலத்தில் ஏறியதும் மைக்கை அணைத்துவிடுவேன்.
இது புதுசு.
பழையது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்
தண்ணீரோடு போனது.
அன்றைக்குப் பள்ளிக்கூட முற்றத்தில்
எங்களையும் ஒருவர் எண்ணினார்.
நோட்டு. நீல மை.
எங்கள் கார்டில் ஐந்து பேர்.
அவர் நிமிர்ந்து பார்த்தபோது மூன்று.
அடித்து எழுதவில்லை அவர்,
பேனாவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

பாலம் முடிகிறது.
மைக்கைப் போடுகிறேன்.
"வலப்பக்கம் தென்னந்தோப்பு."

முட்டத்தில் ஒரே கேள்வி:
சினிமா எடுத்த பாறை எது?
எல்லாப் பாறையும்தான் என்கிறேன்,
எல்லாப் பாறையிலும் ஏறி நிற்கிறார்கள்.
கடியபட்டணத்தில் மரச்சீனியும் மீன்கறியும்.
எரிவில் மூக்கைச் சிந்திக்கொண்டே
இன்னொரு கரண்டி கேட்டாள் ஒரு புதுப்பெண்.
மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலை
பாட்டிலில் அள்ளப்போனவரை
"யண்ணே, கொட்டிருங்க" என்று மாகீன் தடுத்தான்.
ஏனென்று சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

குளச்சல் தூணடியில் நிழல் இல்லை.
பதினைந்து நிமிஷம்தான் அனுமதி.
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று,
டச்சுக்காரர் தோற்றார்,
திருவிதாங்கூர் ஜெயித்தது.
இது அச்சிட்ட பகுதி.
அச்சில் இல்லாததையும் சொல்வேன்:
ராத்திரி, கரை நெடுக,
துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு
மீன்பிடிக்கிற ஆட்கள் நின்றார்களாம்.
கப்பலில் இருந்தவன் கண்ணுக்கு
எல்லாம் துப்பாக்கி.
"எத்தனை பேர் நின்னாங்க?"
யாரும் எண்ணவில்லை, சார்.
எண்ண முடியாததால்தான் ஜெயித்தார்கள்.

சொல்லிவிட்டு எண்ணுகிறேன்.
பதினாறு.
மறுபடி, பதினாறு.
வயிற்றுக்குள் பழைய நோட்டு ஒன்று
தானாகப் புரள்கிறது.

வள்ளங்களைத் தாண்டி ஓடினேன்.
கரமடிக் கயிற்றில் ஒன்பதாவது ஆளாக,
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு,
காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத
கரூர் செண்பகவல்லி.
குதிகாலை மணலில் புதைத்து
பின்னால் சாய்ந்து இழுக்கிறாள்.
"எங்க ஊர்ல தேர் இழுத்துப் பழக்கம்ங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.
அதற்குள் என் பின்னால் வந்த பதினாறும்
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கயிற்றைப் பிடித்துவிட்டன.
புதுப்பெண் கத்துகிறாள்,
வாத்தியாருக்கு மூச்சு வாங்குகிறது,
ரோட்டிலிருந்து மாகீன் விடாமல் ஹாரன் அடிக்கிறான்.
தேங்காப்பட்டணம் பள்ளிவாசலை
வெளிச்சத்தில் பார்க்க முடியாது இனி.
நானும் பிடித்தேன்.
ஈரக்கயிறு உள்ளங்கையை அறுத்தது.
எத்தனையோ வருஷம் கழித்துக்
கடலிடமிருந்து எதையோ திருப்பி இழுத்தேன்.

மடி கரைக்கு வந்தது. பெரிய பாடு ஒன்றுமில்லை.
கயிறு தொட்டவருக்கெல்லாம் பங்கு உண்டு என்று
தண்டல் சூசைமிக்கேல்
எங்களை விரலால் குத்திக் குத்தி எண்ணினார்.
"பதினெட்டு" என்றார்,
என்னையும் சேர்த்து.

வேனில் ஒரே கவிச்சி.
தேங்காப்பட்டணம் போகாத காசைக்
கழிக்கச் சொல்கிறார் ஒருவர்.
வாத்தியார் பிளாஸ்டிக் பையை
விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து,
"கோட்டைச் செவுத்துல பார்த்தமே,
இந்த மீனுங்களா அது?"

தெரியாது சார்.
இது சாளை.