இரண்டு நூல் தள்ளி

இரண்டாம் ஆட்டம் விட்டபோது மணி ஒன்று பத்து.
செக்காலை ரோட்டில் ஒரே ஒரு டீக்கடை
பாலை எரியவிட்டுக்கொண்டிருந்தது.
நாலு பேர், மூன்று வண்டி.
முதலில் யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு சேவுகன் கேட்டான்:
"சிவப்பு எங்கடா?"

அதுதான். அதற்குத்தான் காத்திருந்தோம்.

கருந்தும்பி பறந்தான், குறை சொல்ல முடியாது.
நாற்பது மாடியை முதுகில் தாங்கினான்,
கடலைப் பிளந்தான்,
இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று
என்று செத்துப் பிழைத்தான்.
அங்கியில் இழை இழையாய் எண்ணலாம்.
ஆனால் அந்தச் சிவப்பு
அவனுக்குள்ளேயே இருந்தது,
கோட்டைத் தாண்டாமல், நல்ல பிள்ளையாய்.

எங்கள் கருந்தும்பி அப்படி இல்லை.
ஐந்து ரூபாய், சாணித்தாள்,
பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் மாட்டித் தொங்குவான்.
கறுப்புக் கோட்டில் அவன் நிற்க
அவனுடைய சிவப்பு
இடப்பக்கம் கொஞ்சம் விலகி நிற்கும்.
அடி விழுமுன் அது திரும்பும்.
கதவு திறக்குமுன் உள்ளே போயிருக்கும்.
உயிர் உடம்புக்கு முன்னால் ஓடுகிற ஆள் என்று
ஆறாம் வகுப்பில் நாங்களே கண்டுபிடித்தோம்.
பன்னிரண்டாவது இதழில் அவன் சாகாததற்கு
கதையில் வேறு காரணமே கிடையாது.

"அச்சுப் பிழைடா அது," என்றான் ஜபருல்லா.
ஆத்தங்குடியில் கல் ஊற்றுகிறவன்;
நிறம் எங்கே நிற்க வேண்டும் என்பது அவன் சோறு.
"எங்க பட்டறைல அச்சு அசைஞ்சு
ரெண்டு நூல் தள்ளிப் போனா
அந்தக் கல்லு மாட்டுக் கொட்டாய்க்கு.
சிவகாசில எவனோ தூக்கக் கலக்கத்துல
தாளைக் கோணலா விட்டிருக்கான்.
நீங்க அதுல உயிரைப் பாத்திருக்கீங்க."

"அப்ப பன்னெண்டாவது இதழ்?"
"அதுல கதை எழுதுனவன் தூங்கிட்டான்."

உமையாள் சிரிக்கவில்லை.
போன மாதம்தான் அசலை வாங்கியிருந்தாள்.
வெளிநாட்டுப் பதிப்பு, கெட்டி அட்டை,
கூட்டுறவு வங்கிச் சம்பளத்தில் கால்வாசி.
கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள்.
குனிந்தோம்.
நிறம் கோட்டுக்குள்.
படத்தில் பார்த்த அதே ஆள், அதே தாடை.

"இதையும் பாருங்க."
பாலம், மழை, அந்தப் பெண்.
நமக்கு அவன் சொன்னது:
"உலையை வை, வந்துடறேன்."
பள்ளத்தூரிலிருந்து தேவகோட்டை வரை
எத்தனை பேர் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்!
அசலில், அந்தக் குமிழிக்குள்,
"எனக்காகக் காத்திருக்காதே."

பால் பொங்கி அடுப்பில் சுர்ரென்றது.

"படத்தைச் சரியாத்தான் எடுத்திருக்காங்க," என்றான் சேவுகன்.
"நாமதான் வேற ஆளுக்கு டிக்கெட் வாங்கியிருக்கோம்."

"குமிழி பெரிசு, எடம் மிஞ்சியிருக்கும்.
எதையோ போட்டு ரொப்பியிருப்பான்."
இது ஜபருல்லா.

"இல்ல," என்றாள் உமையாள்.
"எழுதுன ஆளுக்குப் பசி.
இந்த மாதிரி ஒரு நேரம்.
வீட்டுல யாரோ முழிச்சிருந்திருக்காங்க."

யாரென்று புத்தகத்தில் பெயர் இல்லை.
அட்டையில் விலை இருந்தது,
உள்ளே முகப்பரு மருந்து விளம்பரம் இருந்தது.

காசு யார் கொடுப்பது என்று கொஞ்சம் இழுபறி.
வண்டியை உதைக்கும்போது ஜபருல்லா கேட்டான்,
பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல:
"அந்தப் பன்னெண்டாவது இதழு
இப்ப யாருகிட்டடா இருக்கும்?"
சேவுகன் உதட்டைப் பிதுக்கினான்.
நானும் பிதுக்கினேன்.

வீட்டுக்கு வந்து
பீரோவின் அடித்தட்டை இழுத்தேன்.
அட்டையில் பென்சில்:
அ. ஜபருல்லா, ஆறாம் வகுப்பு 'ஆ'.
இருபத்தாறு வருடம்.
ஸ்கேலை வைத்து அளந்தேன்.
இரண்டு நூல் இல்லை, ஒன்றேகால்தான்.
கடைசிக்கு முந்தின பக்கம் மட்டும்
கணக்குக்கு வரவில்லை.
கட்டத்துக்குள் அவன் முகம் குப்புறக் கிடக்கிறான்.
சிவப்பு, கட்டத்தைத் தாண்டி
வெள்ளை ஓரத்தில்
ஒரு காலை ஊன்றியிருக்கிறது.