சாவி வாடகை

என்ஜின் என்னிடம் இருக்கிறது.
பச்சைத் தகரம், ஆறு சக்கரம்,
கொதிகலனின் இடது பக்கத்தில்
எந்தக் காலத்துப் பிள்ளையோ கடித்த தடம்.
செய்த ஊரின் பெயர் அடியில் தேய்ந்து
இரண்டே எழுத்து மிச்சம்.
சோர் பஜாரில் ஒரு வெள்ளிக்கிழமை
குக்கர் மூடிகளுக்கு நடுவே
மல்லாந்து கிடந்தது.
குளியலறைக் குழாய் மாற்ற
பி.எஃப். கடன் வாங்கியிருந்த மாதம்.
குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பெட்டிகள் காட்கோபரில், ஹஸ்முக் ஸங்வியிடம்.
மூன்று. அதில் ஒன்று உணவுப் பெட்டி;
ஜன்னலுக்குள் மேசை விளக்குகள்கூட வரைந்திருக்கும்,
அரிசி அளவு மஞ்சள்.
நான் கேட்டேன், அவர் தரவில்லை.
அவர் கேட்டார், நான் தரவில்லை.
பதினொரு வருடமாக
இதுதான் எங்கள் பழக்கம்.

சாவி யூசுப் பாயிடம்.
மட்டன் தெருக் கடையில், அவர் இடுப்புக் கொத்தில்,
ஷட்டர் சாவிக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் இடையே
பட்டாம்பூச்சி போல ஒரு பித்தளை.
"விற்றால் ஒரு தரம்தான் காசு மேடம்,
வாடகை என்றால் வருஷா வருஷம்."
துறைமுகக் கணக்குப் பிரிவில்
முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான்,
இந்தக் கணக்கில் பிழை காண முடியவில்லை.
முதலில் ஐம்பது. இப்போது முந்நூறு.
பூட்டுக்காரர் ஒருவர்
எண்பது ரூபாய்க்கு வேறு சாவி அறுத்துத் தருகிறேன் என்றார்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆண்டாப் ஹில் வீட்டில் டிவி இருந்த இடத்தில்
கண்ணாடி அலமாரி.
நாற்பத்தொரு என்ஜின்கள், எல்லாம் வாசலைப் பார்த்து.
"எல்லாமே கிளம்பிப் போகிற மாதிரி இருக்கே,
ஒன்றாவது வருகிற மாதிரி வையேன்" என்றாள் தங்கை.
திருப்பி வைத்துப் பார்த்தேன்.
சுவரில் முட்டிக்கொண்டு நின்றன.
கடல்காற்று தகரத்தைத் தின்னும்.
ஆபீசில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும்
பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம்
என் மேசைக்கு வந்துவிடும்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மட்டும்
ஸங்வி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரயில் முழுசாகும்.
மூன்று சுற்று.
சுருள்வில் பழசு, எத்தனை முறை தாங்குமோ;
கோர்க்காமல் சாவி கொடுப்பதில்லை
என்பது இருவருக்கும் பேச்சு.

இந்த வருடம் அந்த ஞாயிறில் மெகா பிளாக்.
குர்லா தாண்டியதும் நின்றுவிட்டது வண்டி.
பெண்கள் பெட்டி. மின்விசிறியும் நின்றது.
மடியில் பிஸ்கட் டின், டின்னுக்குள் துண்டு,
துண்டுக்குள் என்ஜின்.
கிளிப் விற்கிறவள் எதிரே உட்கார்ந்து
"குழந்தைக்கா?" என்றாள்.
"எனக்கு."
அவள் சிரிக்கவில்லை. "ஓடுமா?" என்றாள்.

ஓடுமா என்று ஒருத்தி கேட்டால்
என்னதான் செய்வது.
பர்சில் சாவி இருந்தது.
ஏழு முறுக்கு.
எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்,
யூனிஃபார்மில் இருந்த கான்ஸ்டபிள் உட்பட.
செருப்புகளுக்கும் வெங்காயப் பைக்கும் இடையே
கரகரவென்று அது போனது,
கதவுக் கம்பி வரை.
மத்திய ரயில்வேயில் அந்த நேரம்
நகர்ந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.
"அரே, இன்னொரு தடவை" என்றது மேல்படிக் குரல் ஒன்று.
கொடுத்தேன்.
மூன்றாவது தடவை கிளிப்காரியே கொடுத்தாள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஸங்வி பூதக்கண்ணாடியோடு காத்திருந்தார்.
என்ஜினைக் கவிழ்த்தார்.
நடு அச்சில் சுற்றியிருந்தது ஒரு முடி,
முழ நீளம், மருதாணிச் சிவப்பு.
என் தலையைப் பார்த்தார்:
கிராப், முழு நரை.
சிமிட்டாவால் மெல்ல உருவி
சாஸரில் வைத்தார்.
"வழியில் வண்டி நின்றதோ?"
"நாற்பது நிமிஷம்."
"ம்."

முதல் பெட்டியின் கொக்கியை
என் பக்கம் நீட்டினார்.