கணக்கு உதைக்கிறது

கெம்ச்சியில் கடல் நாலு ஆள் உயரம் இறங்கும்,
நாலு ஆள் உயரம் ஏறும்.
இப்போது இறங்கிக் கிடக்கிறது.
எங்கள் படகு சேற்றில் ஒருக்களித்து
அசைபோடும் மாடு மாதிரி.
தண்ணீர் திரும்ப மூன்றரை மணி நேரம்.

பெலார்மீனோ டார்ச் பிடிக்கிறான்.
அவன் தோள் இந்த இடுக்கில் நுழையாது,
என்னுடையது நுழையும்.
எஞ்சின் என் பொறுப்பானது அப்படித்தான்.
போன குளிர்காலம் மட்டும், என் மணிக்கட்டு முறிந்திருந்தபோது,
சட்டையைக் கழற்றி, மூச்சை அடக்கி
அவன் நுழைந்தான்.

கடல் வால்வை மூடியாயிற்று.
பம்ப் மூடியில் ஆறு திருகு.
கழற்றக் கழற்ற டீ மக்கில் போடுகிறேன்,
ஒன்று மட்டும் குட்டை, அதை வாயில்.
துரு, உப்பு, டீசல்:
காலைச் சாப்பாடு இதுதான்.

மூடி விலகியது.
உள்ளே இம்பெல்லர்,
மழைக்கு முதுகு காட்டி நிற்கும் ஆடுகள் போல
ரப்பர் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

பிடித்து இழுத்தால் வராது.
காம்பு வளைத்த சூப் கரண்டி இரண்டு,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
இரண்டும் சேர்ந்து நெம்ப வேண்டும்.
ஒரு பக்கம் முந்தினால் தண்டில் கடித்துக்கொள்ளும்,
அப்புறம் சாமி வந்தாலும் அசையாது.
கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
கெட்ட வார்த்தை ஒன்று.
பொளக்கென்று கையில் விழுந்தது.

ஆறு இதழில் நாலு இருக்கிறது.
இரண்டு இல்லை.

இல்லாதது எங்கும் போகாது,
தண்ணீர் போன வழியில்தான் போயிருக்கும்.
குழாயைக் கழற்றினேன். இல்லை.
முழங்கையில் இல்லை.
குளிரூட்டியின் முனை மூடியைத் திறந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு,
ஸ்வெட்டர் பின்னும் ஊசியை வளைத்துத் துழாவினேன்.

ஒன்று.
இரண்டு.
பெலார்மீனோ, "அவ்வளவுதான், மூடு" என்றான்.
ஊசி இன்னும் எதிலோ தட்டியது.
மூன்று.
நாலு.

முதல் இரண்டும் மெத்தென்று, கறுப்பாக.
பின் இரண்டும் நகம் மாதிரி கெட்டித்து
ஓரம் தேய்ந்து.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் ரோசல்பா, எண்ணிட்டேன்."
போன ஜூலை. இதே இடுக்கு. அவன் குரல்.

அதற்கப்புறம் வருஷம் முழுக்க
வெப்பமுள் ஏறிக்கொண்டே இருந்தது.
தெர்மோஸ்டாட் மாற்றினோம்.
டீசலில் தண்ணீர் கலந்ததென்று பங்குக்காரனிடம் சண்டை.
மெக்கானிக் மில்லலோன்கோவைத் திருடன் என்றேன், அவன் தாயார் முன்னால்.
இரண்டு பெட்டை ஆடு போயிற்று.
எஞ்சினை விரட்டப் பயந்து பாதி வேகத்தில் ஊர்ந்து
சிப்பி மூட்டையோடு துறைக்குப் போனால்
வியாபாரி லாரியை எடுத்திருப்பான்.
"கிழட்டு எஞ்சின், என்ன செய்ய" என்பான் இவன்,
ஒவ்வொரு முறையும்,
வேறெங்கோ பார்த்து.

வெளிச்சம் என் கையை விட்டு நழுவிப்
பலகைச் சுவருக்குப் போயிற்று.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு திரும்பி வந்தது.

"கை வலிக்குதா?"

"இல்ல."

புதிய இம்பெல்லருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி,
சுழலும் திசைக்கு இதழ்களை மடக்கி,
சாவிக் கட்டை பள்ளத்தில் பொருந்த அழுத்தினேன்.
காகித கேஸ்கெட். மூடி.
திருகுகளை எதிரெதிராக இறுக்கினேன்.
குட்டையானது கடைசியில், எச்சிலோடு.

அடிப்பலகையில் தண்ணீர் தட்டத் தொடங்கியிருந்தது.
படகு முனகி, நிமிர்ந்தது.
வால்வைத் திறந்து சாவியைத் திருகினேன்.
புகைக்குழாய் வறட்டு இருமல் இருமியது.
வறட்டு.
வறட்டு.
பிறகு துப்பியது, துப்பித் துப்பி ஒழுங்காகக் கொட்டியது.
அவன் விளிம்பில் குனிந்து அதில் கை நீட்டி
வெதுவெதுன்னு இருக்கு என்றான்,
என்னிடமா கடலிடமா தெரியவில்லை.

சர்க்கரை டப்பா மூடியில் நாலு துண்டும் வைத்திருந்தேன்.
போகும்போது அவன் இரண்டை எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
எந்த இரண்டு என்று நான் பார்க்கவில்லை
என்றே வைத்துக்கொள்வோம்.