கழி இறக்குதல்

கூடாரக் கழி. அலுமினியம். மூன்று மீட்டர் நீளம்,
எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஒரியெட்டா டீச்சர் அதை ஒரே விரலில் நிறுத்திக் காட்டியபோது
வகுப்பே சிரித்தது.

இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றோம், பதினொரு பேர்.
நெஞ்சுயரத்தில் நீட்டிய சுட்டுவிரல்கள்,
அவற்றின்மேல் கழி.
பிடிக்கக் கூடாது. விரலைக் கொக்கியாக்கக் கூடாது.
யார் விரலும் அதைவிட்டு விலகக் கூடாது,
விலகினால் முதலிலிருந்து.
"தரையில் இறக்குங்கள், அவ்வளவுதான்" என்றார்.

யார் தலைவர் என்று கேட்டு முடிப்பதற்குள்
பல்தசாரின் கை மேலே இருந்தது.
அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
பாரம் இறக்குவது ரத்தத்திலேயே ஊறியது என்று அவனுக்கு நினைப்பு.
வரிசைக்கு வெளியே நின்றுகொண்டான்.

"மூன்று எண்ணுவேன், இறக்குங்கள்."
ஒன்று.
இரண்டு.
கழி ஏறியது.

தாடைக்கு ஏறியது, மூக்குக்கு ஏறியது,
குள்ள ரொமினா குதிகாலைத் தூக்கி எம்பினாள்.
"எவன்டா தூக்குறது?"
"நான் இல்லை" என்றன பதினொரு வாய்கள்.
ஒரு வாயும் பொய் சொல்லவில்லை.

அடுத்து, பெயர் சொல்லிக் கத்தினான்.
நெஹுவென், உன் பக்கம்! யாஸ்னா, தூக்கமா!
பெயர் விழுந்த விரல் பயந்துபோய்
கழியோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டுவது என்றால் மேலே அழுத்துவது.
இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
நான்காவது தடவை நான் விரல்களை எடுத்துவிட்டேன்.
மயிரிழை அளவு. யாரும் பார்க்கவில்லை.
நான் இல்லாமலும் அது அதே வேகத்தில் ஏறியது.
குற்றவாளி நானில்லை என்று மகிழ வேண்டியவன்
ஏனோ முகம் சுண்டிப்போய் நின்றேன்.
சத்தமில்லாமல் திரும்ப வைத்துக்கொண்டேன்.

ஆறாவது தடவைக்குப் பிறகு பல்தசாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஜன்னல் தகரத்தைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது,
புந்தா அரெனாசின் நவம்பர் காற்று.
அவன் கழியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.
"எனக்குத் தெரியலை" என்றான்.
என் பக்கத்தில் இடம் கேட்டு
இடித்துக்கொண்டு நின்று, தன் விரல்களையும் நீட்டினான்.
நடுங்கிக்கொண்டிருந்தன.

யாரும் எதுவும் சொல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்
யாஸ்னா பேசினாள்.
நீரிணைக்கு அந்தப்பக்கத்திலிருந்து நடுவருடம் வந்து சேர்ந்தவள்,
அவள் குரலை ஒழுங்காகக் கேட்டதே அன்றுதான்.
"கழியைப் பார்க்காதீங்க.
எதிரே இருக்கிறவங்க முழங்காலைப் பாருங்க.
அது மடங்கினா நீங்களும் மடங்குங்க."

எனக்கு எதிரே நெஹுவென்.
அவன் முழங்காலில் ஒட்டுத்துணி, அதில் சுண்ணக்கட்டித் தூள்.
அது மடங்கியது. நான் மடங்கினேன்.
என்னைப் பார்த்து அவன் மடங்கினானோ என்னவோ,
யார் முதல் என்று இப்போதும் தகராறு இருக்கிறது.

நெஞ்சு. வயிறு. இடுப்பு.
பன்னிரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம்.
தொடை வலித்தது, ஒருவரும் முனகவில்லை.
மணி அடித்தது, ஒருவரும் அசையவில்லை.
தரைக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போது
ரொமினா தும்மினாள்.

கழி உருண்டு மேசைக்கடியில் போய்ச் சேர்ந்தது.
பல்தசார்தான் முதலில் சிரித்தான்.
இது கணக்கில் சேருமா என்று கேட்டோம்.
டீச்சர் நோட்டில் எதையோ எழுதி
மூடிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சதுக்கத்தில்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தார்கள்,
காற்று ஆளைத் தள்ளும் நாட்களில் கட்டுவது வழக்கம்.
இதை இறுகப் பிடிக்கலாம். இதற்கு விதி கிடையாது.
தலை குனிந்து, கண் இடுக்கி,
ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தோம்.
முன்னால் போவது யாரென்று தெரியவில்லை,
நான் கடைசி.

எங்கேயோ முன்னால் ரொமினா மறுபடி தும்மியிருக்க வேண்டும்.
காற்றில் சத்தம் கேட்கவில்லை.
கயிறு ஒருதரம் குலுங்கி
என் கை வரைக்கும் வந்தது.