மணி அடித்ததும் எழுந்துகொள்பவள்

இன்று காலை ஒன்பது மணியிலிருந்து
எனக்குக் கணையத்தில் புற்றுநோய்.
பதினான்கு பேர் வந்து சொல்வார்கள்.
பதினான்கு முறையும் நான் அதை
முதல்முறை கேட்க வேண்டும்.

கிளாஸ்கோ, மருத்துவத் தேர்வுக்கூடம்,
நான்காம் தடுப்பு.
மணிக்குப் பதினெட்டு பவுண்ட், மதியம் ஒரு சாண்ட்விச்.
தாளில் என் பெயர் திருமதி பாக்ஸ்டர்,
வயது ஐம்பத்தொன்று, பூக்கடை, கணவர் இல்லை.
அழலாம் என்று போட்டிருக்கிறது,
ஓலமிட வேண்டாம் என்றும்.

தாளுக்கு வெளியே நான் இஷ்பெல்.
நாற்பத்துமூன்று. நடிகை.
சொன்னதும்
"எதில் பார்த்திருக்கிறேன் உங்களை?" என்பார்கள்
பல் மருத்துவர், டாக்ஸிக்காரர்,
என் அண்ணனின் புது மனைவி.
ஒரு துப்பறியும் தொடரில்
ஆற்றங்கரைச் சேற்றில் குப்புறக் கிடந்தேன்.
முதுகைப் பார்த்திருப்பீர்கள் என்பேன்.

முதல் பையன்
முகவரி மாறி வந்த பார்சலைப் போல
செய்தியை என் மடியில் வைத்துவிட்டு
நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.
இரண்டாமவள் வாயைத் திறக்குமுன்
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.
எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்ததைத் தெரியாமல் இருப்பதற்குத்தான்
அந்தப் பதினெட்டு பவுண்ட்.
அழுவதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

கண்ணீர் எங்கிருந்து என்று கேட்கிறீர்களா?
முதல் நான்கு பேருக்குச் செத்துப்போன பூனை.
ஐந்தாமவனோடு பூனை தீர்ந்தது.
பிறகு செவ்வாய்க்கிழமை வந்த மின்னஞ்சலை எடுத்தேன்,
"இம்முறை அவர்கள் வேறு திசையில் போய்விட்டார்கள்."
இருபத்திரண்டு வருஷமாய் எல்லோரும்
அந்தத் திசையில்தான் போகிறார்கள்.
எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால்
வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிடுவேன்.

அந்த வேடத்துக்குச் சமையலறையில் நானே படம்பிடித்து அனுப்பினேன்.
பின்னால் நீலப் படுக்கை விரிப்பு,
எதிரே காதலனாக மாடிவீட்டு ஃபார்க்கர், குழாய் ரிப்பேர்காரர்.
"நீ இல்லாமல் எனக்கு எதுவும் இல்லை" என்பதை
மீட்டர் கணக்கு படிப்பதுபோல் படித்தார்.
ஏழாவது தடவை நன்றாக வந்தது.
அப்போது கீழ்வீட்டுத் துணி இயந்திரம்
பிழியத் தொடங்கியது.

ஒன்பதாவதாக ஒரு பெண்.
சட்டையில் மோர்வென் என்ற அட்டை, நடுங்கும் கை.
உட்கார்ந்தாள். மறந்துவிட்டாள்.
அந்த மௌனத்தை எனக்குத் தெரியும்.
டண்டீயில், மூன்றாம் அங்கத்தில்,
வெளியேறும் கதவின் பச்சை விளக்கைத் தவிர
உலகத்தில் வேறொன்றும் இல்லாமல் நின்றிருக்கிறேன்.
எடுத்துக்கொடுக்கக் கூடாது, விதி.
மூலையில் தேர்வாளரின் பேனா காத்திருந்தது.

அவள் கேட்டாள்,
"இன்று பூக்கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

தாளில் இல்லை அது.
"மூடிவிட்டு வந்தேன்" என்றது என் வாய்.
"சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள்."
சொல்லும்போதே
ஷட்டரின் குளிர் உள்ளங்கையில் இருந்தது,
இடது கட்டைவிரலில் கத்தரி உரசிய காய்ப்பு.
பூனையைத் தேடவில்லை நான்.
எதையும் தேடவில்லை.
மணி அடித்தது.
எழுந்து, முகம் துடைத்து,
பத்தாவது ஆளுக்காக உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மதிப்பெண் தாள் தந்தார்கள்.
மேஜையின் இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை.
வேண்டாம் என்றவர் எவரும்
ஏன் என்று எனக்கு எழுதியதில்லை.
அதனால் பதினான்கு பேருக்கும் எழுதினேன்,
பையனுக்கு நாற்காலியைப் பற்றி,
மோர்வெனுக்குப் பேனா மை தீரும்வரை.
வாங்கிக்கொண்ட அலுவலகப் பெண்
"கட்டத்தில் டிக் போட்டால் போதுமே,
மற்றதை இயந்திரம் படிக்காது" என்றாள்.

பஸ்ஸில் திடுக்கிட்டேன்,
வாளிகளுக்குத் தண்ணீர் மாற்றவில்லையே என்று.
எந்த வாளிகள்?

கோட்டுப் பையில் ஃபோன் அதிர்ந்தது. ஏஜெண்ட்.
முப்பது வயது ஆளுக்கு அம்மா வேடம்,
அப்படியானால் பதின்மூன்றில் பெற்றிருக்கிறேன்.
மூன்று வசனம். நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும்.
"குதிரையேற்றம் வருமா?"

வரும் என்றேன்.