பட்டாணி அளவு

புன்டா அரீனாஸில் காற்றுக்குக் கயிறு கட்டுவார்கள்,
தெருமுனையில் நடப்பவர் பிடித்துக்கொள்ள.
வெயிலுக்கு அப்படி ஏதுமில்லை.
ஒரு கம்பத்தில் விளக்கு எரியும்:
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.
வசந்தத்தில் சில நாள் ஊதா.

ஊதா நாளிலும் வெளியே ஏழு டிகிரிதான் இருக்கும்.
இந்தக் குளிரில் எங்கே சுடப்போகிறது என்று
பத்தொன்பது வருடம்
கடலுக்கு முதுகைக் காட்டி நின்று
லாரிகளைக் கையசைத்துப் படகில் ஏற்றினேன்.
எங்கள் சூரியன் வடக்கே நடப்பவன்.
அதனால் வலது கன்னம் மட்டும்
என்னைவிட மூத்துவிட்டது.

மருந்து எனக்கு எழுதியதல்ல.
தனீலோவுக்கு, பதினாறு வயது.
நெற்றி முழுக்கப் பரு,
தாடையில் இரண்டு, எப்போதும் பழுத்தபடி.
நான்கு மாதம் காத்திருந்து பார்த்த டாக்டர்
ட்ரெட்டினாயின் என்று கிறுக்கினார்:
இரவில் மட்டும். பட்டாணி அளவு.
முகம் கழுவி, இருபது நிமிடம் காய்ந்த பிறகு.

மருந்துக்கடையில் அந்தப் பெண், நீட்டும்போது சொன்னாள்,
பருவுக்குத்தான் என்றில்லை,
வெயில் தின்ற தோலுக்கும் கொடுப்பார்கள் என்று.
என்னைப் பார்த்துச் சொன்னாளா
பொதுவாகச் சொன்னாளா, தெரியாது.

தோலிருக்கச் சுளை விழுங்குவது என்பார்கள்.
நான் தோலுக்காகவே விழுங்கினேன்.
அவன் தூங்கிய பின் ஒரு பிதுக்கு,
ட்யூபின் வயிற்றைத் தடவி
மறுபடி உப்பலாக்கி வைப்பேன்.

மூன்றாம் வாரம் வாயோரம் உரிந்தது.
காற்று, என்றேன் துறையில்.
வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறாய் நியேவெஸ்,
என்றான் பால்டோமேரோ, கயிறு சுற்றிக்கொண்டே.
வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
வீட்டில் இருந்தவன்
யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதையே
நிறுத்தியிருந்தான்.

அவனுக்கு இன்னும் மோசமாகியிருந்தது.
உள்ளே பதுங்கியிருந்ததெல்லாம்
ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்றது.
இப்படித்தான் ஆகும், பிறகு அடங்கும் என்று
டாக்டர் சொல்லியிருந்தார்.
சொன்னவர் நாளைக்கு
பள்ளிக்குப் போக வேண்டியவர் இல்லையே.
கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை
ட்யூபைக் குப்பையில் எறிந்தான்.

இரவு ஒரு மணிக்கு
முட்டை ஓட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்து
சமையலறையிலேயே மூடி திறந்தேன்.
விளக்கு எரிந்தது.

அவன் என் விரல் நுனியைப் பார்த்தான்.
என் வாயோரத்தைப் பார்த்தான்.
தன் வாயோரத்தைத் தொட்டுக்கொண்டான்.
திட்டுவான் என்று நின்றேன்.

"அம்மா, அது கொண்டைக்கடலை."
"எது?"
"பட்டாணி என்றார். நீ எடுத்திருப்பது கொண்டைக்கடலை.
அதனால்தான் இப்படி எரிந்திருக்கிறது."

பாதியைத் தன் விரலுக்கு வழித்துக்கொண்டான்.
நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, மோவாயில் ஒன்று
என் முகத்தில் புள்ளி வைத்தான்.
கண்ணோரம் வேண்டாம், மூக்கு மடிப்பு வேண்டாம்.
மிச்சத்தைத் தனக்குப் பூசிக்கொண்டான்.
இரண்டு வருடமாக
கதவுக்கு அந்தப் பக்கம் மட்டுமே இருந்த பையன்.

இது நடந்து ஏழு மாதம்.
காபி நிறமாயிருந்த திட்டு
பால் கலந்த டீ ஆகியிருக்கிறது, அதற்கு மேல் வெளுக்கவில்லை.
அவன் நெற்றி அடங்கிவிட்டது.
தாடையில் இரண்டு குழி நிற்கிறது,
அதற்கு இது மருந்தில்லையாம்.
பகலில் நான் தொப்பி போடுகிறேன்,
வெள்ளையாகச் சன்ஸ்க்ரீன் அப்பிக்கொண்டு
லாரிக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க.
இரண்டாவது ட்யூப் எனக்கென்று தனியாக,
என் பெயரிலேயே எழுதி வாங்கியது.

ஆனாலும் ஒன்றாகத்தான் கழுவுகிறோம்.
எதையும் தொடக்கூடாத அந்த இருபது நிமிடம்
ஈர முகத்தோடு
குளியல் தொட்டி விளிம்பில் அவன்,
மூடிய கழிப்பறைமேல் நான்.
வேறு வேலை இல்லாததால் பேசுகிறான்.
யாஸ்னா என்று ஒருத்தி.
இயற்பியலில் தோற்றது. அதை மறைத்தது.
நான் ஏதோ கேட்க வாயெடுக்கும்போது
கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து,
"காய்ந்துவிட்டது" என்று
மூடியைத் திருகுகிறான்.